முத்திரைத்தாளில் எழுதிய விவாகரத்து கனடா விசாவுக்குச் செல்லுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோத்தகிரி அருகே ஒரு கிராமத்தில், ஆறு வயது மகனுடன் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். கணவரும் நானும் பிரிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்த பிறகு, நூறு ரூபாய் முத்திரைத்தாளில் விவாகரத்துப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். இப்போது கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பெற்ற ஒருவருடன் மறுமணம் பேசியிருக்கிறார்கள். பத்திரமே போதும், மகனின் பெயரை இப்போது காட்ட வேண்டாம், பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். அவரை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்பிய பத்திரத்தின் நகலைப் படித்துப் பார்த்தேன். இருவரின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், நோட்டரியின் சிவப்பு முத்திரை, 'இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்ற வாசகம் எல்லாம் அதில் இருக்கின்றன. இத்தனை இருந்தும் அது விவாகரத்து ஆகாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைதான் முறிக்க முடியும். கையெழுத்துக்குச் சான்றளிக்கும் நோட்டரிக்குத் திருமணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் கிடையாது. மத்திய சட்ட அமைச்சகமும் 2024இல் இதை வலியுறுத்தியிருக்கிறது. அப்படியிருந்தும் இப்படிப்பட்ட பத்திரங்கள் நாள்தோறும் தட்டச்சாகிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

ஆகவே சட்டத்தின் பார்வையில் நீங்கள் இன்றும் உங்கள் முதல் கணவருடைய மனைவிதான். இந்த நிலையில் நடக்கும் இரண்டாவது திருமணம் செல்லாது என்பதோடு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமுமாகும். முதல் கணவர் இன்று இணக்கமாக இருக்கலாம். நாளை பிள்ளையை வைத்து ஒரு மனத்தாங்கல் வந்தால் புகார் கொடுக்க அவருக்கு இந்த ஒரு பத்திரமே போதும்.

ஊர் வழக்கப்படி அத்துவிட்டால் செல்லாதா என்று நீலகிரியில் பலரும் என்னிடம் கேட்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்துவரும் மணவிலக்கு வழக்கத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கிறது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினருக்கோ அந்தச் சட்டமே பொருந்தாது. அவர்களுக்கு அவரவர் வழக்கமே சட்டம். ஆனால் வழக்கம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. அது நெடுங்காலமாக இடைவிடாமல் கைக்கொள்ளப்பட்டது என்பதையும், உங்கள் பிரிவு அதன்படியே நடந்தது என்பதையும் அதை நம்பியிருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2002இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே பழங்குடிப் பெண்ணாக இருந்தாலும், வெளிநாட்டு விசாவுக்குப் போகுமுன் தன் மணவிலக்கு செல்லும் என்று நீதிமன்றத்தில் விளம்புகைத் தீர்ப்பு வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரியவர்கள் சமரசம் பேசியது நல்ல காரியம். ஆனால் அது தீர்ப்பாணைக்கு ஈடாகாது.

உங்கள் கணவர் சம்மதிப்பதால் வழி எளிது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மத மனு போடுங்கள். மனைவி வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்பதால் நீங்கள் நீலகிரியை விட்டு வெளியே அலைய வேண்டியதில்லை. முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, பிள்ளை, பணம் எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதற்கும் தனியாக மனு போட்டு, வாய்தா வாங்கி, மழையில் மண் சரிந்து பேருந்து ஓடாத நாளில்கூட நேரில் நிற்க வேண்டியிருக்கிறது. சம்மதத்தோடு பிரிகிறவர்களையே இவ்வளவு அலைக்கழித்தால் அவர்கள் நோட்டரியைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்கள்? வழக்கறிஞர் கட்டணம் பாரமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. தீர்ப்பாணை கையில் வந்த பிறகும் 90 நாள் மேல்முறையீட்டுக் காலம் கழியும்வரை மறுமணத்தைத் தள்ளிவையுங்கள்.

அந்த மனுவிலேயே பிள்ளையைப் பற்றிய ஏற்பாட்டையும் எழுதிவிட வேண்டும். பெரும்பாலான மனுக்களில் 'பிள்ளை தாயின் பொறுப்பில் இருக்கும்' என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கவும், அவனைக் கனடாவுக்குக் குடியேற அழைத்துச் செல்லவும் தந்தை சம்மதிக்கிறார் என்பதையும், அவர் மகனோடு எப்போது பேசலாம், விடுமுறையில் எங்கே பார்க்கலாம் என்பதையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகும், உடன் வராத பெற்றோர் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தைக் கனடா தனியே கேட்கும். அதிலும் உங்கள் முதல் கணவர்தான் கையெழுத்திட வேண்டும்.

ஏஜென்ட் சொன்னவற்றிலேயே மிக ஆபத்தானது மகனின் பெயரைக் காட்ட வேண்டாம் என்பதுதான். உடன் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளையின் பெயரை விண்ணப்பத்தில் எழுதி, மருத்துவப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். மறைத்துவிட்டுப் போனால், பிறகு குடும்பத்தினருக்கான விசா வகையில் அவனை அழைத்துக்கொள்ளும் உரிமையையே இழக்க நேரிடும். முறிக்கப்படாத திருமணத்தை மறைத்துப் பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் உங்களுக்கே ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை வரும். கட்டணம் வாங்கிக்கொண்டு கனடாக் குடியேற்ற விண்ணப்பத்தைக் கையாள, அந்நாட்டு வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் 'கல்லூரி' (College) என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். அந்த அமைப்பின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். எண் தரத் தயங்கினால், அவரிடம் கொடுத்திருக்கும் அசல் பாஸ்போர்ட்டையும் மகனின் பிறப்புச் சான்றிதழையும் இந்த வாரத்துக்குள் திரும்ப வாங்கிவிடுங்கள்.