சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் பாவத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலையில் பாவம் என்றதும் பயந்து அழுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வரிசைதான் பிழைக்கிறது. நரகத்தில் தொடங்கினால் பிள்ளை மனந்திரும்பாது, ஒளிக்கப் பழகும்.

லூக்கா 19-ஐ எடுங்கள். வரி வசூலிப்பவனான சகேயு திருந்திய பிறகுதான் இயேசு அவன் வீட்டுக்குப் போனார் என்றில்லை. 5ஆம் வசனத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வது 8ஆம் வசனத்தில்தான். கிருபை முந்தி, திருத்தம் பிந்தி. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்.

பிறகு அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். பக்கத்து வளவுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வேலிக்குள்ளால் கைவிட்டுப் பிடுங்கிவிட்டு, அம்மா கேட்க "நான் இல்லை" என்பது. களவு ஒன்று, பொய் இன்னொன்று. "நீ கள்ளன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெயர் பிள்ளையில் ஒட்டிவிடும். "நீ செய்தது களவு" என்றால் போதும்.

கடைசியில், பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ வைத்து ஒரு நிமிடம் மௌன ஜெபம். எல்லார் முன்னாலும் பாவத்தைச் சொல்ல வைக்கவே கூடாது. வெட்கத்தில் வரும் கண்ணீரை மனந்திரும்புதல் என்று நினைத்துவிடுவோம். பாவத்தை உணர்த்துவது ஆவியானவரின் வேலை என்று யோவான் 16:8 சொல்கிறது. அன்றைக்கே பலன் தெரியாவிட்டால் பிள்ளையை நெருக்காதீர்கள், அதன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.