மனம் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு இறுதியில் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தேன். மனச்சோர்வு நோய் என்று சொல்லி, மனநல மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. கொடுத்தார். மூன்றாம் மாதம் பழையபடி ஆகிவிட்டேன். 'மாத்திரை பழகிவிடும்' என்று அம்மா பயந்ததால் நானே நிறுத்திவிட்டேன். நான்கே நாளில் தலைசுற்றல். தலைக்குள் மின்சாரம் பாய்வது போல வெட்டியது. அது அடங்கியது. ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் காலையில் எழ முடியவில்லை. 'இருந்து என்ன பயன்' என்று தோன்றுகிறது. தூக்கத்துக்காக இரவில் கொஞ்சம் குடிக்கிறேன். எனக்கு மன உறுதி போதவில்லையா? ஆயுள் முழுக்க மாத்திரைதானா?

பதில்: 'இருந்து என்ன பயன்' என்ற வரியைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வருகிறதா? வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். தனியாக இருக்காமல், அவருடன் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு. நான்காம் நாள் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் போல வெட்டியதும் மருந்தைச் சட்டென்று நிறுத்தியதன் விளைவு. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். ஒன்றரை மாதம் கழித்து வந்திருப்பது பெரும்பாலும் அந்த நோயேதான். அது அடங்கியிருந்ததே தவிர, முழுதாக ஆறியிருக்கவில்லை. காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் இருமல் நின்றுவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்தினால் விடுவோமா? இதிலும் அப்படித்தான். முதல் முறை நோய் கண்டவர் நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் மருந்தைத் தொடர வேண்டும். அடிக்கடி திரும்புகிறவருக்கு இன்னும் நீளும். எல்லோருக்கும் ஆயுள் முழுக்க என்பதில்லை.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. போதைக்கு அடிமையானவருக்கு அளவு கூடிக்கொண்டே போகும். கிடைக்காவிட்டால் அதைத் தேடி மனம் அலையும். இந்த மருந்து அப்படி இழுப்பதில்லை. உடல் அதற்குப் பழகுகிறது என்பது மட்டும் உண்மை. அதனால்தான் நிறுத்தும் காலம் வந்தால் பல வாரங்களில், சிறிது சிறிதாகக் குறைக்கிறோம்.

மன உறுதி இல்லாதவர் இந்த நிலையில் பட்டறை நடத்தியிருக்க மாட்டார். காலையில் கல்லாகக் கனத்து, மாலையில் சற்று இளகுவது இந்த நோயின் இயல்பு. மாலையில் சிரிப்பதைப் பார்த்துவிட்டு 'காலையில் நடித்தாயா' என்று கேட்கும் வீடுகள் உண்டு. அந்தக் கேள்வி எவ்வளவு நோகடிக்கும் என்பது கேட்டவருக்குத் தெரிவதில்லை.

மீதமுள்ள மாத்திரையை நீங்களாகத் தொடங்காமல், இந்த வாரமே அதே மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய தேதியையும் குடிப்பதையும் மறைக்காதீர்கள். மது தூங்க வைப்பது போலத் தோன்றும்; பின்னிரவில் எழுப்பிவிடும், சோர்வையும் கூட்டும். தைராய்டு பரிசோதனை இதுவரை செய்யவில்லையென்றால் கேளுங்கள். மருந்து மறுபடி வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். தூக்கமும் பசியும் பெரும்பாலும் முதலில் திரும்பும். ஆர்வம் கடைசியில்தான் வரும். அதற்காகக் காத்திராமல், பட்டறையைத் தினமும் ஒரு மணி நேரமாவது திறங்கள். முழு நாள் வேண்டாம்.

போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை பழகிவிடுமா என்று அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.