கேசரி கலர்: கேட்டதும் சொன்னதும்

(சாய ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.)

கேசரி பவுடரில் இருப்பது என்ன? குங்குமப்பூவா?

அந்த விலைக்குக் குங்குமப்பூ எப்படிக் கிடைக்கும்! பெரும்பாலும் டார்ட்ராசின் என்ற செயற்கை மஞ்சள் சாயம், கூடவே ஆரஞ்சு நிறத்துக்குக் கொஞ்சம் சன்செட் எல்லோ. டார்ட்ராசினை 1884-இல் சுவிஸ் வேதியியலாளர் சீக்ளர் கண்டுபிடித்தார். முதலில் அது கம்பளிக்கும் பட்டுக்கும் போட்ட சாயம். பாக்கெட்டில் ஐ.என்.எஸ் 102 என்ற உணவுச் சேர்பொருள் எண் இருந்தால் அதுதான்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

மூலப்பொருட்கள் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. அந்தக் காலத்தில் நிலக்கரித் தார். சல்ஃபனிலிக் அமிலத்தைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் நைட்ரைட்டும் சேர்ப்பார்கள். சூடு ஏறினால் சரக்கு சிதைந்துவிடும், அதனால்தான் அவ்வளவு ஐஸ். அப்புறம் இன்னொரு பொருளான பைரசோலோனோடு காரக் கரைசலில் கலந்தால், கண் முன்னே மஞ்சள் பிறக்கும். அதில் உப்பைக் கொட்டினால் சாயம் பிரிந்து அடியில் இறங்கும். வடிகட்டி உலர்த்த வேண்டியதுதான். உணவுத் தரம் என்றால் வினைபுரியாத மிச்சங்களைக் கழுவி நீக்கி, ஈயம், ஆர்சனிக் அளவையும் சோதிக்க வேண்டும். செலவு இங்கேதான்.

மஞ்சள்தூளே போதாதா?

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகிறது? சோடா உப்பு போட்ட மாவிலும் அப்படியே சிவக்கும். வெயில் பட்டால் வெளுக்கும். டார்ட்ராசின் அசையாது.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

நம் நாட்டில் இனிப்புகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் தினசரி உச்சம், உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அதாவது, சட்டப்படி கலந்த இனிப்பில் ஒன்றரைக் கிலோ. யாரும் அவ்வளவு தின்ன மாட்டார்கள். ஆனால் கடைக்காரர் தராசு வைத்தா போடுகிறார்? கைக்கு வந்ததுதான் அளவு. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வு, சில சாயங்களும், கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானம் குடித்த பிள்ளைகளின் துறுதுறுப்பு கூடியதாகச் சொன்னது. ஐரோப்பாவில் 2010 முதல் லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும். எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. கேசரி வெள்ளையாக இருந்தால் என்ன!

பிரியாணிக்கு?

அனுமதி இல்லை. மஞ்சள்தூளிலும் கூடாது.

அப்படியானால் மஞ்சள்தூளில் கலக்கும் சாயம்?

அது மெட்டானில் எல்லோ. உணவுக்கே ஆகாத சாயம். எனக்கு உண்மையில் பயம் இதன் மேல்தான். தூளைத் தண்ணீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் கலர் மெஜந்தாவாகும். மேலும் தண்ணீர் ஊற்றியும் அது மறையாவிட்டால் சந்தேகப்படலாம். அமிலம் என்பதால் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

எலியின் தோலைக் கண்ணாடியாக்கியது டார்ட்ராசினா?

அதேதான். 2024-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் அடர்த்தியான டார்ட்ராசின் கரைசலை எலியின் தோலில் தடவினார்கள். உள்ளே குடல் அசைவது தெரிந்தது. கழுவியதும் தோல் பழையபடி ஆகிவிட்டது. நீங்கள் வீட்டில் முயலாதீர்கள், கை மஞ்சளாவதுதான் மிச்சம்.