பிரிட்டனில் அமைச்சரே உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்க முடியுமா?

இப்போது முடியாது, முன்பு முடிந்தது. அப்போது லார்ட் சான்சலர் என்பவர் அமைச்சர், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் அவைத் தலைவர், அதே சபை இறுதி மேல்முறையீட்டு மன்றமாகக் கூடும்போது நீதிபதியும்கூட, எல்லாம் ஒரே ஆள்! அரசுக்கு நேரடி அக்கறையுள்ள வழக்கில் அவர் ஒதுங்கிக்கொள்வார் என்பது வெறும் மரபுதான், எழுதிய தடை கிடையாது. அதுவும் கறாராக இல்லை: 1992-இல் வருமான வரித்துறை ஒரு தரப்பாக இருந்த பெப்பர் எதிர் ஹார்ட் வழக்கை விசாரித்த ஏழு பேரில் அன்றைய லார்ட் சான்சலர் மெக்கேயும் ஒருவர், சட்டத்துக்குப் பொருள்காண நாடாளுமன்ற உரைகளைப் பார்க்கலாமா என்ற கேள்வியில் அவர் மட்டும்தான் வேண்டாம் என்றார். எனக்கு இது விநோதமாகத்தான் படுகிறது. அப்புறம் 2005-ஆம் ஆண்டு அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் லார்ட் சான்சலரின் நீதிபதி வேலையைப் பறித்தது. தனி உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் வந்தது.