வாசகர் கேள்வி – பதில்: கிழித்துவிடும் குழந்தைக்குப் புத்தகம் எதற்கு?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவினர் சேர்ந்து, தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்குப் படப் புத்தகங்களை இலவசமாகக் கொடுக்க எண்ணியுள்ளோம். "மூன்று வயதுக் குழந்தை அதைக் கிழித்துத்தான் போடும்; தாய்க்கே எழுத்துத் தெரியாத வீட்டில் புத்தகம் எதற்கு?" என்று பலரும் தடுக்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகி ஒருவர், சாத்தூர்

பதில்: தயங்காமல் கொடுங்கள், அம்மா. கிழியும் என்பது உண்மைதான். அந்த அச்சத்தினாலேயே குழந்தையின் கைக்குப் போகாமல் நின்றுவிட்ட புத்தகங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அங்கன்வாடிக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்த பீரோவில் இருபது, முப்பது படப் புத்தகங்கள் பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "கிழிஞ்சா நான்தான் கணக்குச் சொல்லணும் சார்" என்றார் அங்கிருந்த பணியாளர். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருளுக்கு அவர்தானே பொறுப்பு? அவருடைய அனுமதியோடு ஒன்றைப் பிரித்துத் தரையில் வைத்தேன். மூன்று வயதிருக்கும் ஒரு சிறுமி வந்து ஆட்டின் படத்தில் விரலை வைத்து, "எங்க ஆடு" என்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டும் வேகத்தில் தாளின் ஓரம் சற்றே கிழிய, உடனே கையை இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அடி விழுமோ என்ற அந்தப் பார்வையை என்னால் இன்றும் மறக்க இயலவில்லை.

ஆகவே நீங்கள் கொடுப்பது கடனாகவோ, நிலையத்தின் சொத்தாகவோ இருக்க வேண்டாம்; குழந்தைக்கே சொந்தமாக இருக்கட்டும். முதல் பக்கத்தில் அதன் பெயரை எழுதிக் கொடுங்கள். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்தளித்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பதுதான். கிழிந்த பக்கத்தை ஒட்டிக்கொள்ள ஒரு செல்லோடேப்புச் சுருளையும் சேர்த்துக் கொடுத்தால், தாயின் கவலையும் பாதி குறையும்.

எழுத்தறியாத வீடு என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பாடகி டாலி பார்ட்டன், தம் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாததை மனத்தில் கொண்டு, 1995இல் தம் சொந்த மாவட்டத்தில் ஒரு புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். பிறந்தது முதல் ஐந்து வயது வரை, மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயருக்கே தபாலில் வரும். வருமானம் எவ்வளவு என்று எவரையும் கேட்பதில்லை என்பதால், இலவசமாக வாங்குகிறோமே என்ற கூச்சத்துக்கு அங்கே இடமில்லை. இன்று அத்திட்டம் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து வரை பரவியிருக்கிறது.

உங்கள் குழுவுக்கு இன்னும் பொருத்தமானது 1989இல் பாஸ்டன் நகர அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள் தொடங்கிய முறை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, வழக்கமான உடல்நலப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் மருத்துவரே ஒரு புதிய புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, அதை எப்படிக் காட்டிப் பேசுவது என்பதையும் பெற்றோர் முன்னிலையில் செய்து காட்டுகிறார். புத்தகம் பெற்ற வீடுகளில் பெற்றோர் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது கூடியதை ஆய்வுகள் தெரிவித்தன. 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் இதைப் பரிந்துரைத்தது. நீங்களும் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, "இது என்ன? நம்ம வீட்டுல இது எங்க இருக்கு?" என்று படத்தைக் காட்டிக் கேட்டுப் பேசிக் காட்டுங்கள். எழுத்தறியாத தாயாலும் அதை அப்படியே செய்ய முடியும்; ஆட்டைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் அவர் அறிந்ததில் பாதிகூட அச்சிட்ட வரிகளில் இருக்காது. மேடை, பொன்னாடை, புகைப்படம் ஆகியவை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: எந்த வயதிலிருந்து கொடுக்கலாம்? பழைய புத்தகங்களைத் திரட்டிக் கொடுத்தால் போதாதா?
– வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: ஆறு மாதக் குழந்தைக்கே கொடுக்கலாம். அது வாயில் வைத்துக் கடிக்கும் என்பதால், முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1992இல் இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியபோது, புத்தகம் பெற்ற 300 பேரும் கைக்குழந்தைகளே. பழையவற்றில் நல்ல நிலையில் உள்ளவற்றைக் கொடுக்கலாம். பிறர் கிறுக்கியதையும் பக்கம் போனதையும் ஏழைக் குழந்தைதானே என்று கொடுப்பது பெரும் தவறு.

கேள்வி: கைபேசியிலேயே கதைகள் இலவசமாகக் கிடைக்கும்போது அச்சுப் புத்தகம் தேவையா?
– வாசகி ஒருவர், பல்லடம்

பதில்: தேவை. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது. அதைவிட, பல வீடுகளில் கைபேசி ஒன்றே ஒன்றுதான். அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இணையத்தை நீங்கள் வேறு வகையில் பயன்படுத்தலாம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். தாளில் அச்சிடவும் உரிமை உண்டு. நம் ஊர்ப் பேச்சுக்கு நெருங்கிய, பக்கத்துக்கு ஓரிரு வரிகளே உள்ள கதைகளாகத் தேர்ந்தெடுத்து, தடித்த தாளில் அச்சிட்டு, நடுவில் பின் அடித்து, அந்தப் பின் குழந்தையின் விரலைக் குத்தாதபடி மேலே துணி நாடாவை ஒட்டிக் கொடுங்கள்.