அவருடைய ஆர்வம் என்னுடையதாகுமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்கு நெதர்லாந்துக்கு வந்து, மேற்குக் கரையிலுள்ள மணற்குன்றுகளில் நிலக்கீழ் நீரை அளக்கும் குழுவொன்றில் வேலை செய்கிறேன். என்னுடைய மேற்பார்வையாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். மழையென்றாலும் சைக்கிளில் வந்து, மணலில் முழங்காலிட்டு, அவதானிப்புக் குழாய்க்குள் அளவுநாடாவை இறக்குவார். நாடாவின் நுனியில் தொங்கும் சிறு உலோக மணி நீரைத் தொடும் சத்தம் கேட்கும்வரை பேச்சை நிறுத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டிருப்பார். முப்பது வருடமாகக் கேட்ட சத்தம் அவருக்கு இன்னும் புதிதாக இருக்கிறது. பரீட்சைக்காகவே படித்த எனக்கு, ஒரு வேலையை இப்படியும் நேசிக்கலாம் என்பது இங்கேதான் தெரிந்தது. செப்டெம்பரில் ஊருக்குத் திரும்ப வேண்டும். இங்கே கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தால் சிபாரிசுக் கடிதம் தருவதாக அவர் சொல்கிறார். ஆனால் எனக்குள் இருப்பது என்னுடைய ஆர்வமா, அவருடைய ஆர்வத்தின் நிழலா என்று தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் அது அணைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அந்தச் சிறு மணி நீரைத் தொடும் இடத்தில் உங்கள் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். நான் சிறுவனாக இருந்தபோது, விடியமுன் எங்கள் வளவுக் கிணற்றில் வாளியை விடும் அப்பு, அது தண்ணீரில் விழும் சத்தத்தை வைத்தே, "இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது" என்று சொல்வார். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்து வாழ்ந்த குடும்பங்களில் கிணற்றின் சத்தம் தெரியாதவர்கள் குறைவு. ஆகவே, அந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தபோது உங்களுக்குள் ஏதோ ஒன்று விழித்ததென்றால், அது முழுவதும் அவர் கொண்டுவந்து வைத்தது என்று நான் நினைக்கவில்லை.

இருந்தாலும் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மொழியும் சாப்பாடும் வெயிலும் வேறாக இருக்கும் ஊரில், முதலில் கதவைத் திறந்து அன்பாகப் பேசிய ஒருவர் நம் கண்ணுக்கு உண்மையான உருவத்தைவிடப் பெரியவராகத் தெரிவது இயல்பு. அவர் முகம் மலர வேண்டும் என்பதற்காகவே இரவு எட்டு மணிவரை கணினியின் முன் இருந்த நாட்கள் உங்களுக்கும் இருக்கும். அந்த மதிப்புப் பொய்யானதல்ல. ஆனால் அவர் பார்க்காத நாட்களில் என்ன செய்தீர்கள் என்பதையும் நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அவர் விடுப்பில் இருந்த கிழமையில் குழாய்களை அளக்கப் போனீர்களா? போனபோது வாசிப்பு முந்திய கிழமையிலிருந்து ஏன் மாறியது என்று தெரிந்துகொள்ளாமல் திரும்ப மனம் வரவில்லையா? வரவில்லை என்றால், அந்த இடத்தில் இருந்தது உங்களுடைய ஆர்வம்தான்.

மற்ற வாசகர்களுக்காக, இந்தப் பிள்ளை போயிருக்கும் இடம் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு 1853 முதல் கரையோர மணற்குன்றுகளிலிருந்து குடிநீர் போகிறது. அந்தக் குன்றுகளுக்குள் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்று இலேசானது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்ற கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடொன் கைபென் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியியலாளரும், 1901 இல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியாக எழுதினார்கள். நம்முடைய குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் நீரும் அடிப்படையில் இதே கணக்கில்தான் நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத நமக்கு மாரியில் இறங்கும் மழையைவிட்டால் வேறு முதல் கிடையாது. அதில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், மேலே குறையும் ஓர் அடிக்குக் கீழிருக்கும் உவர் பல மடங்கு மேலேறி வரும். ஆம்ஸ்டர்டாம்காரர்களும் அளவுக்கு மிஞ்சி எடுத்து, உவர் ஏறக் கண்டு, பிறகு 1957 முதல் ஆற்றுநீரைச் சுத்திகரித்துக் குன்றுகளுக்குள் இறக்கத் தொடங்கினார்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் நம்மிடம் ஒரு கோட்டையை விட்டுச் சென்றார்கள். அவர்களுடைய நாட்டிலிருந்து இந்த அறிவை நீங்கள் எடுத்து வருவதை நான் மனதார விரும்புகிறேன்.

இனி என்னுடைய கதை. 1981 இல் நானும் மண் பரிசோதனை பழகச் சென்னைக்குப் போய், ஓர் ஆய்வுகூடத்தில் எட்டு மாதம் இருந்தேன். எனக்குக் கற்பித்த ஐயா, மண் மாதிரி எடுக்கும் ஒவ்வொரு பைக்கும் முதலில் திகதியும் இடமும் எழுதிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார். வெட்டிய பிறகு எழுதியவனை ஒருநாளும் அவர் மன்னித்ததில்லை. ஊருக்குத் திரும்பிய நான் ஒரு வருடம் முழுவதும் அவரைப் பற்றிப் பேசினேன். சந்தித்தவர்களிடமெல்லாம், "அங்கே இப்படிச் செய்வார்கள், இங்கே ஒருவருக்கும் அக்கறை இல்லை" என்று சொன்னேன். அந்த ஒரு வருடத்தில் ஒரு பை மண்கூட நான் எடுக்கவில்லை. இங்கே வேலை செய்துகொண்டிருந்த மூத்தவர்களின் மனத்தை நோகச் செய்ததுதான் மிச்சம். அதை நினைக்க இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது; உங்களுக்கு அது வேண்டாம்.

பிறகுதான் கொப்பி ஒன்று வாங்கி, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கினேன். போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பன்னிரண்டு பதின்மூன்று வருடத்துக் கொப்பிகளையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கே ஒரு கிணற்றடியில் நூற்றுக்கணக்கானோர் வாளியோடு நின்ற வரிசையில் நானும் நின்றேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, காலையில் நன்றாக இருந்த தண்ணீர் மத்தியானத்தில் எந்தக் கிணற்றில் கரிக்கத் தொடங்குகிறது என்பதை ஒரு பால்மாப் பெட்டியின் மட்டையில் திகதி போட்டு நான் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டேன். மாதிரிக்கு முன்னால் திகதி. சென்னை ஐயாவை நான் அன்று நினைக்கக்கூட இல்லை. கை தன்பாட்டில் எழுதியது. அவரிடமிருந்து வந்தது எப்போது என்னுடையதானது என்று நீங்கள் கேட்டால், நான் அந்த மட்டையைத்தான் சொல்வேன்.

ஆகவே எஞ்சியிருக்கும் கிழமைகளில் உங்கள் மேற்பார்வையாளரின் உற்சாகத்தைப் பார்த்து வியப்பதைக் குறைத்துக்கொண்டு, அவருடைய சலிப்பான நாட்களைப் பார்க்கப் பழகுங்கள். உபகரணம் பழுதான நாளில் என்ன செய்கிறார், பிழையான வாசிப்பை அழிக்கிறாரா அல்லது ஒரு கோடிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதுகிறாரா, தன் ஊகம் தவறென்று தெரிந்ததும் அதை யாரிடம் முதலில் சொல்கிறார் என்பவற்றைக் கவனியுங்கள். அவரிடம் நேராகவே கேளுங்கள்: "இந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்த காலம் இருந்ததா? அப்போது எது உங்களைப் பிடித்து வைத்தது?" ஆர்வமுள்ள மனிதர்கள் இந்தக் கேள்விக்கு மிகவும் உண்மையாகப் பதில் சொல்வார்கள், அந்தப் பதில் சிபாரிசுக் கடிதத்தைவிட நீண்டகாலம் உங்களுக்கு உதவும்.

இன்னுமொரு வேலை இருக்கிறது. அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அவரிடம் கற்றதை உங்கள் அப்பாவுக்குத் தமிழில் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். நன்னீர் ஏன் மிதக்கிறது, கோடையில் இயந்திரத்தை விடாமல் ஓடவிட்டால் ஏன் சவராகிறது, பயிருக்குப் போடும் பசளையும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே எப்படிக் கிணற்றுக்கு வருகின்றன, நம்முடைய பல தோட்டக் கிணறுகளில் அவற்றிலிருந்து கலக்கும் நைத்திரேற்று ஏன் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்டி நிற்கிறது என்பதையெல்லாம், தோட்டம் செய்பவருக்கு விளங்கும் சொற்களில் சொல்லிப் பாருங்கள். 1847 இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் தம்முடைய அறிவை நம் மொழிக்குள் கொண்டுவர அவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்றால், நம் வீட்டுப் பிள்ளை தன் தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதத் தயங்க வேண்டியதில்லை. சொல்லத் திணறும் இடங்கள் வரும். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் உங்கள் மேற்பார்வையாளரிடம் போய்க் கேளுங்கள். கற்பித்ததெல்லாம் கோப்பாயில் ஒரு தோட்டக்காரரிடம் போய்ச் சேர்கிறது என்று அறிந்தால் அவருக்கும் அது சிறிய மகிழ்ச்சியாக இருக்காது.

மேற்படிப்பைப் பற்றி: சிபாரிசுக் கடிதத்தை மகிழ்ச்சியோடு வாங்குங்கள், ஆனால் இந்த வருடம் விண்ணப்பிக்காதீர்கள். இதை ஆணித்தரமாகவே சொல்கிறேன். ஊருக்கு வந்து ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாக இருந்து, ஒரே கிணற்றைக் கிழமைக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். ஐம்பது வாசிப்புகளுக்குப் பிறகும் அடுத்த வியாழக்கிழமைக்கு மனம் காத்திருந்தால், ஆய்வுக்கான கேள்வியை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். அப்போது நீங்கள் அவருடைய கேள்விக்கு உதவியாளராக அல்லாமல் உங்களுடைய கேள்வியோடு அவருக்கு முன்னால் இருப்பீர்கள். மனம் காத்திருக்கவில்லை என்றாலும் நட்டமொன்றும் இல்லை. ஒரு நல்ல மனிதரோடு ஆறு மாதம் வேலை செய்திருக்கிறீர்கள். அவருக்கு நன்றிக் கடிதங்களை எழுதுவதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் அளவுகளையும் அனுப்புங்கள். நான் என் ஐயாவுக்கு எழுதாமலே இருந்து, எழுத நினைத்த வருடத்தில் அவர் காலமானதை அறிந்தேன்.

செப்டெம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போது கோடையின் கடைசி. கிணறுகள் மிகவும் இறங்கியிருக்கும் காலம் இது, மாரி தொடங்க முன் எடுக்கும் அளவு உங்களுக்குப் பிறகு மிகவும் தேவைப்படும். இன்றே அப்பாவிடம் சொல்லி, கிணற்றுக் கட்டின் ஓரிடத்தில் பெயின்ரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். விடியற்காலையில், ஒருவரும் இறைக்கத் தொடங்குமுன், கயிற்றில் ஒரு சிறு பாரத்தைக் கட்டி இறக்கி, தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைக் கோட்டோடு பிடித்து அளக்கட்டும். கொப்பியில் முதலில் திகதியை எழுதச் சொல்ல மறக்க வேண்டாம்.