பையில் முதலில் ஒரு காய்ந்த சட்டை

தங்கச்சி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, எட்டு வயது மகளை மே கடைசி விடுமுறையில் ஐந்து நாள் பகல் முகாமுக்கு அனுப்பப் போகிறேன், சம்மர் கேம்ப்புக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், எந்த சன்ஸ்கிரீன் நல்லது, போன் கொடுத்தனுப்பலாமா, நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு 2009 ஞாபகம் வந்துவிட்டது. அதே ஊர், அதே விடுமுறை, என் மகனுக்கு அப்போது ஆறு வயது.

சன்ஸ்கிரீன் எந்தக் கடையில் கிடைப்பதும் போதும், SPF 30 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் சரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். போன் வேண்டாம். பை உங்கள் இஷ்டம். நான் சொல்ல வந்தது வேறு.

முதலில் கோடை என்கிற நினைப்பை விடுங்கள். இங்கே நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறோம், வருஷம் பூராவும் பகலில் 32, 33 டிகிரி. மே மாதம் நம் ஊர் மாதிரி வறண்டு கிடக்காது. காலையில் வெயில் பளீரென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். பிள்ளை காய்ந்த துணியோடு வீடு திரும்பும் என்று நம்பி அனுப்பாதீர்கள். முழு மாற்றுடை ஒன்று, உள்ளாடையும் இரண்டு ஜோடி சாக்ஸும் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அடியில் வைத்தால் அவள் தேடி எடுக்க மாட்டாள். ஈரத்துணி போட இன்னொரு காலிப் பை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் அன்றைக்குக் காயாது, காற்றிலேயே ஈரம். குடைக்குப் பதில் மழைக்கோட்டு. நடக்க மூடின சப்பாத்து, அதாவது ஷூ, மழைக்கு ஒரு செலிப்பார், நம் ஊர் ரப்பர் செருப்பு.

நான் 2009இல் என்ன வைத்தேன் தெரியுமா? தொப்பி, குளுக்கோஸ், தயிர்சாதம், ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். எல்லாம் வெயிலுக்கு. மாற்றுச் சட்டை ஒன்றுகூட இல்லை. வந்து மூன்று மாதம், யாரையும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்த மாதிரி கட்டி அனுப்பினேன். நாலு மணிக்கு அழைக்கப் போனால் மண்டபத்தின் மூலையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், ஒரு பெரியவர்களுடைய துண்டைச் சுற்றிக்கொண்டு. சட்டையும் கால்சட்டையும் ஜன்னல் கம்பியில் தொங்குகின்றன. மழையில் கொஞ்சம், மீதி அவனே நனைத்துக்கொண்டது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் மூன்று தடவை கேட்டிருக்கிறான், பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு மலாய் மட்டும்தான் தெரியும், தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அது போக, காலையிலிருந்து அவனை அவன் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே கடைசியில் இருக்கும். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே பிள்ளைக்குத் தெரியவில்லை. வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அதனால், பையில் வைப்பதற்கு முன்னால் வாயில் வைக்க வேண்டியது இருக்கிறது. ஒரு வாரம் தினமும் சாப்பிடும்போது சில மலாய்ச் சொற்களைச் சொல்லிப் பழக்குங்கள். கழிப்பறை தன்டாஸ். தண்ணீர் ஆயெர். வலிக்கிறது என்றால் சாக்கித், காரம் பெடாஸ், நனைந்துவிட்டது என்றால் பாசா. "சிக்கு, சாயா நாக் பெர்கி தன்டாஸ்" என்று முழுசாகச் சொல்ல வர வேண்டும். சிக்கு என்றால் டீச்சர், மீதி நான் கழிப்பறைக்குப் போக வேண்டும். "பாஜு சாயா பாசா", என் சட்டை நனைந்துவிட்டது, அதுவும். படிவத்தில் பாஸ்போர்ட் பெயரை எழுதிவிட்டு, பக்கத்திலேயே கூப்பிடும் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். பாட்டில், சட்டைக் காலர், பை எல்லாவற்றிலும் அதே பெயர். முதல் நாள் நீங்களே கூடப் போய் பார்த்துக்கொள்பவரிடம் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டுக் காட்டுங்கள், கழிப்பறை எங்கே என்று அவளும் பார்த்துவிடட்டும்.

சாப்பாடு. சைவம் என்று சொன்னால் போதாது. நாசி லெமாக், அதாவது இங்கத்துத் தேங்காய்ப்பால் சாதத்தில் நெத்திலியை எடுத்துவிட்டுத் தருவார்கள், அன்பாகத்தான் தருவார்கள், ஆனால் கூட வரும் சம்பல் என்கிற மிளகாய் விழுதில் பெலாச்சான் அரைத்திருக்கும், அது இறால். கீரைப் பிரட்டலிலும் அதுவே. டாகிங் என்றால் இறைச்சி, பெரும்பாலும் மாட்டிறைச்சி. "தாக் மாக்கான் டாகிங்", இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று சொல்லப் பழக்குங்கள். கட்டிக் கொடுக்கிறீர்கள் என்றால் தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் வேண்டாம், இந்தச் சூட்டில் பன்னிரண்டு மணிக்குப் புளித்துவிடும். நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், இவை தாங்கும்.

கொசுவை லேசாக எண்ணாதீர்கள். டெங்கி பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும், விடிந்ததும் பொழுது சாயும்போதும் அதிகம். காலையிலேயே கைகாலில் கொசு மருந்து தடவி முழுக்கால் சட்டை போட்டு அனுப்புங்கள். முகாம் முடிந்து காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள். ஆறு, அருவி என்று கூட்டிப் போகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல் இந்த நாட்டில் உண்டு, காலில் சின்னப் புண் இருந்தாலும் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் காட்டுக்குள் நடை என்றால் மூடின சப்பாத்து இல்லாமல் விடாதீர்கள், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம், ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களான தோட்டத்து ஆட்களோடு சேராதே, பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் பக்கத்து நகரமான ஈப்போவிலும் இருக்கிறது, கோலாலம்பூரிலும் இருக்கிறது. என்னிடமும் சொன்னார்கள், நானும் மூன்று மாதம் கேட்டேன், அதனால்தான் யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் பிள்ளையை அனுப்பினேன். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாக (இந்த நாட்டுப் பணம்) சேர்த்து, 1960இல் கூட்டுறவுச் சங்கம் கட்டித் தோட்டம் வாங்கிய மனிதர். இந்த ஊரில் நின்றுகொண்டு இவர்கள் தமிழ் மட்டம் என்று பேச யாருக்கு வாய் வருகிறது?

அன்றைக்கு என் மகனைத் துடைத்துத் துண்டு சுற்றியது அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிய அம்மாதான். "பயந்திருச்சுங்க புள்ள, திட்டாதீங்க" என்றார். அறுபது வயது இருக்கும், பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டிக் காப்புக் காய்த்த விரல்கள். மறுநாள் நானே அவரைத் தேடிப் போனேன். அவர் வளர்ந்தது ஆயாக்கொட்டகையில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார்கள், விட்டத்தில் வரிசையாக ஏணை தொங்குமாம், கொசுவுக்குத் தேங்காய் மட்டைப் புகை. பிள்ளையோடு வரும் மூட்டையில் ஒரு போத்தல் கோப்பியும் ஒரு காய்ந்த துணியும் இருக்கும். துணி இல்லாத மூட்டையை ஆயா வாங்க மாட்டாராம், அம்மா இருட்டில் திரும்ப லயத்து வீட்டுக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, ஓடி எடுத்து வர வேண்டும். "பசிச்சா அழும், நமக்குத் தெரியும். நனைஞ்சா சிலது அழாதுங்க" என்றார்.

அடுத்த நாளிலிருந்து என் மகன் பையில் முதலில் போனது காய்ந்த துணி. மீதி நாலு நாளும் அவனே அந்த அம்மாவைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டான், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது எனக்கே புரியாத மலாயில் பேசிக்கொண்டு வந்தான்.

நீங்கள் எந்தத் தாமான், எந்தக் குடியிருப்பு என்று எழுதவில்லை. லிந்தாங் சாலைப் பக்கம் என்றால் முகாமுக்கு முந்தின ஞாயிறு மகளோடு வீட்டுக்கு வாருங்கள். என் மகன் இப்போது ஈப்போவில் வேலை பார்க்கிறான், ஞாயிறானால் வந்துவிடுவான். அந்தச் சொற்களை அவனே சொல்லிக்கொடுக்கட்டும்.